முதல் கிளாஸ்

தாய்சேய் நிலையத்துக்கு நேர் எதிரே டீக்கடை வைத்திருப்பவர்களுக்கு, யார் வயிற்றில் எத்தனை மாதம் என்பதெல்லாம் அத்துப்படி. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கால் வீக்கம், யார் வீட்டுக்காரன் பரிசோதனைக்குக் கூட வராமல் டிமிக்கி கொடுக்கிறான் என்பதெல்லாம் கடை பெஞ்சிலேயே பேசி முடிந்துவிடும். அப்படிப்பட்ட கடையில் ஒரு மருமகள் முழுகாமல் இருந்தாள். அவளுக்கு ரத்தம் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

கடை அவளுடைய மாமனாருடையது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மனைவியை இழந்தவர். மகன் பிறந்த அன்று மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அவள் போய்விட்டாள். வண்டிக்குப் பின்னால் ஓடியவர் திரும்பி வந்து, கல்லாவுக்குப் பின்னால் ஒரு தொட்டிலைக் கட்டி, ஒரு கையால் தொட்டிலை ஆட்டி மறு கையால் டீ ஆற்றிப் பிள்ளையை வளர்த்தார். அந்தப் பிள்ளை இப்போது லாரி ஓட்டுகிறான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடி வண்டியேறிப் போய்விடுவான். கடையைப் பார்த்துக்கொள்வது மாமனாரும் மருமகளும்தான்.

விடிகிற நேரத்தில் பாய்லர் கொதி வந்ததும், புதுத் தூள் போட்டு இறக்குகிற முதல் சாயம் மாஸ்டருக்கு விசேஷம். தூளின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பார். அந்த முதல் கிளாஸை அவர் யாருக்கும் விற்றதில்லை. மனைவி இருந்தவரை அவளுக்குக் கொடுத்தார். அப்புறம் பல வருஷம் தானே குடித்தார். மருமகளுக்கு நாள் தள்ளிப்போன செய்தி தெரிந்ததிலிருந்து அது அவளுக்கு.

நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரை வாயில் பட்டால் துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல் இருக்கும். அதனால் கிளாஸை நீட்டும்போதே மாத்திரையையும் அவரே பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்.

"போடும்மா. கண்ண மூடிட்டு ஒரே மடக்கு."

"குமட்டுது மாமா. அப்புறமா போடறேனே."

"உனக்கு யாரு குடுத்தா? உள்ள இருக்கறவங்களுக்குக் குடுக்கறேன். நீ சும்மா வழிதான்."

அவள் சிரித்துக்கொண்டே விழுங்குவாள். மாத்திரை தொண்டையில் இறங்கியது தெரிந்தபிறகுதான் அவர் அடுத்த ஆளுக்கு டீ ஆற்றுவார்.

நிலையத்தில் ஒரு பெரிய நர்ஸ் இருந்தார். பிரசவம் பார்ப்பதில் அவருடைய கைக்கு அவ்வளவு பெயர். வாய் மட்டும் கத்தரிக்கோல். ஆறாவது மாதத்தில் மருமகளின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தவர், அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகங்களை அழுத்திப் பார்த்தார்.

"என்னம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கே. அளவு எட்டுலதான் நிக்குது."

"எட்டுன்னா கம்மியா சிஸ்டர்?"

"பதினொண்ணு இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். பிரசவம்னா ரத்தம் போகத்தான் செய்யும். உடம்புல இருந்தாத்தானே போனது போக மிச்சம் நிக்கும்? பத்தையாவது தொடணும். தொடலேன்னா உன்னை இங்க வெச்சுக்க எனக்குத் தைரியம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். இனிமே காலையில ஒண்ணு, மத்தியானத்துக்குள்ள ஒண்ணு, ரெண்டு மாத்திரை."

அவள் கடைக்கு வந்து சொன்னாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து திரியெல்லாம் அணைந்துபோகிறவரை மாஸ்டருக்குத் தெரியவே இல்லை. அந்தக் கடையில் அதுவரை பால் பொங்கி வழிந்ததை யாரும் பார்த்ததில்லை. அவர் பயந்தது எதற்கு என்று மருமகளுக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான், எல்லா வசதியும் அங்கேதான். ஆனால் அதற்குப் போகிற அந்த ரோடு அவருக்கு ஆகாது.

அடுத்த மாதமும் அளவு ஏறவில்லை. நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"மாத்திரையை எந்தச் செடிக்குப் போடறே? அந்தச் செடியாவது நல்லா செவப்பா பூத்திருக்கா?"

"தினமும் போடறேன் சிஸ்டர்."

"மாத்திரை போட்டா வெளிக்குக் கறுப்பா போகணுமே, போகுதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. குமட்டுதுன்னு தலைகாணிக்குக் கீழ வெச்சுட்டு, இங்க வந்து கறுப்பா போகுதுன்னு கதை விடறது. இனிமே ரெண்டாவது மாத்திரையை என் கண்ணு முன்னால முழுங்கு. எங்களுக்கு டீ கொண்டுவருவே இல்ல, அப்ப போடு."

கண்கலங்க அவள் திரும்பி வந்ததைப் பார்த்ததும் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. கடையில் இருந்தவர்களிடம் நியாயம் கேட்டார்.

"என் மருமக பொய் சொல்றவளா? சர்க்கரை கொஞ்சம் கம்மியா விழுந்துட்டாக்கூட குடிக்கறவங்ககிட்டச் சொல்லி, மறுபடி போட்டுக் குடுக்கறவ. தினமும் நான் பார்க்க முழுங்கறா. அந்த அம்மா பேசினது ரொம்பத் தப்பு."

"நீங்க போய் அவங்ககிட்டச் சொல்றதுதானே மாஸ்டர்?" என்றார் ஒரு ஆட்டோக்காரர்.

"சொல்லலாம். ஊசிய எடுத்துட்டு வருவாங்களோன்னு இருக்கு."

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு தொடங்கியது. முற்பகலில் மருமகள் ஃபிளாஸ்க்கோடு ரோட்டைக் கடந்து நிலையத்துக்குப் போவாள். நர்ஸ் தனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு, இன்னொரு கிளாஸை ஊற்றி அவளிடம் நீட்டி, "ம், முழுங்கு" என்பார். அவள் விழுங்குவாள். நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்வார். நாக்கைத் தூக்கச் சொல்வார். கன்னத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பார். அவருடைய கண் முழுக்க அவள் வாயிலேயே இருந்தது. அவள் கையிலிருந்த கிளாஸை அவர் பார்க்கவே இல்லை. உங்களுக்கு இப்போதே விஷயம் விளங்கியிருக்கும். அவர்களுக்கு விளங்கவில்லை. தினமும் பார்க்கிற பொருளை யார்தான் உற்றுப் பார்க்கிறார்கள்?

நாள் செல்லச் செல்ல இருவருக்கும் ஒட்டுதல் வந்துவிட்டது. ஒரு நாள் நர்ஸ் அவளைப் படுக்கச் சொல்லி, வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்.

"என்ன சிஸ்டர், எங்க பாய்லர் மாதிரி தடதடன்னு கொதிக்குது."

"உன் கொழந்தை வேற எப்படி இருக்கும்? பொறந்ததும் எனக்கு ஒரு டீ சொல்லும் பாரு."

இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த பரிசோதனையில் அளவு எட்டைத் தாண்டவில்லை. இந்தத் தடவை நர்ஸ் திட்டவில்லை. அது மருமகளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நானே பார்த்தேனே, நீ முழுங்கினதை," என்று மெல்லச் சொன்னார். "பூச்சிக்கும் மருந்து குடுத்தாச்சு. கீரை, பயறு, முட்டைன்னு சாப்பிடறேங்கறே. உள்ளுக்குள்ள எங்கயாவது ரத்தம் கசியுதோ என்னவோ. டாக்டர் கிட்ட கேட்டேன். இன்னும் ரெண்டு வாரம் பார்த்துட்டு, ஏறலேன்னா பெரிய ஆஸ்பத்திரியில போய்ப் பிரசவம் வரைக்கும் தங்கணும்னு சொல்லிட்டார்."

அன்று மாலை கணவன் போனில் கூப்பிட்டான்.

"நான் வண்டிய விட்டுட்டு வந்துடவா?"

"வந்து என்ன பண்ணுவீங்க? ரத்தமா குடுப்பீங்க?"

"குடுக்கறேன். எவ்வளவு வேணுமோ எடுத்துக்க."

"உங்க ரத்தம் வேண்டாம். டீசல் வாசனை அடிக்கும்."

சிரித்துவிட்டு வைத்தாள். வைத்தபிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பாமல், கழுவிய கிளாஸ்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் நிலையத்தில் கர்ப்பிணிகளை உட்காரவைத்து நர்ஸ் பேசுவார். எதைச் சாப்பிடுவது, எப்படிப் படுப்பது, எந்த வலிக்கு ஓடிவருவது என்று எல்லாம் சொல்வார். மருமகள் அதுவரை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த நேரத்தில் கடையில் கூட்டம் அலைமோதும். ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடிவந்துவிடுவாள். அடுத்து வந்த செவ்வாயன்று படியேறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் அவள் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் அமுக்கினார்.

"கடை எங்கயும் ஓடிடாது. கொஞ்சம் உட்காரு."

பேச்சைத் தொடர்ந்துகொண்டே ஃபிளாஸ்க்கைத் திறந்தார். பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாயில் தானாக வருகிற பேச்சு அது.

"தலை சுத்துனாலோ, கண்ணு மங்கினாலோ, முகம் வீங்கினாலோ நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது, அப்பவே வரணும். கொழந்தை அசையறது கொறஞ்சாலும் வரணும். சத்து மாத்திரையை விட்டு விட்டுப் போடக் கூடாது. தண்ணியில போடுங்க. எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், ஆரஞ்சு எதாவது கூடச் சேர்ந்தா உடம்பு நல்லா இழுத்துக்கும். முக்கியமா, மாத்திரையை டீயோட காப்பியோட போடாதீங்க. டீ அந்தச் சத்தை உடம்புல சேரவிடாது. அப்படியே வெளிய தள்ளி..."

இதைச் சொல்லும்போது அவர் ஒரு கிளாஸ் டீயை ஊற்றி மருமகளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

கை அப்படியே நின்றது. மருமகள் ஒரு கையில் மாத்திரையோடு கிளாஸைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். பின் வரிசையிலிருந்த நிறைமாதப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ சிஸ்டர், அந்தக்கா குடியிருக்கறதே டீக்கடையிலதானே," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"காலையில எதுல முழுங்கறே?"

"மாமா குடுக்கற முதல் டீயில."

"சாப்பாட்டுக்கு அப்புறம்?"

"ஒரு டீ."

"தண்ணியே குடிக்கறதில்லையா?"

"டீக்கடையில தண்ணி யாரு சிஸ்டர் குடிப்பா?"

நர்ஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "உன்னைப் பொய் சொல்றேன்னு எல்லார் முன்னாலயும் திட்டினேன். நீ ஒழுங்கா போட்டிருக்கே. நாந்தான் என் கையாலயே ஊத்திக் குடுத்துக் கெடுத்திருக்கேன். இதைப் பத்தி ஊருக்கெல்லாம் பேசறவ நான். என்னை மன்னிச்சுக்கம்மா." எல்லோர் முன்னாலும் திட்டியவர், எல்லோர் முன்னாலும்தான் அதையும் சொன்னார்.

மற்றவர்கள் போனபிறகு நர்ஸ் விவரமாகச் சொன்னார். டீ விஷமில்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் மட்டும் அது வரக் கூடாது. நடுவில் நன்றாக இடைவெளி விட்டு, நாளைக்கு ஒன்றிரண்டு கிளாஸ் குடித்தால் பாதகமில்லை. மருமகளுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. உடனே முகம் வாடியது.

"மாமாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம் சிஸ்டர்."

"ஏன்?"

"அத்தைக்கும் அவர் இப்படித்தான் குடுத்திருக்கார். அந்த முதல் கிளாஸ். அவங்க எப்படிப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இப்ப இது தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார்."

நர்ஸ் ஃபிளாஸ்க்கை மூடினார். "சரி, நான் சொல்லல. மாத்திரை ஒழுங்கா உள்ள போனா எனக்குப் போதும். ஆனா வீட்டுல மறைச்சு வெக்கறது ரொம்ப நாள் ஓடாது, பார்த்துக்க."

ஒரு நாளும் பொய் சொல்லாதவள் அன்றிலிருந்து பொய் சொல்லத் தொடங்கினாள். காலையில் மாமனார் நீட்டுகிற மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டு உள்ளங்கையில் மடக்கிக்கொள்வாள். டீயில் ஒரு வாய் மட்டும் உறிஞ்சுவாள். அவர் திரும்பியதும் மீதியைக் கொட்டிவிடுவாள். மாத்திரையைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவர் பால் வாங்கப் போகிற நேரத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தண்ணீரோடு விழுங்குவாள். இதற்கு முன் உண்மையாக விழுங்கியபோது பொய்க்காரி என்று பெயர் வாங்கினாள். இப்போது உண்மையாகவே ஒளிக்கிறாள், ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஒரு வாரம்கூடப் போகவில்லை. பால் வாங்கக் கிளம்பிய மாஸ்டர் சர்க்கரை தீர்ந்துவிட்டதா என்று பார்க்க டப்பாவை இழுத்தார். சிவப்பு மாத்திரை உருண்டு வந்து அவர் விரலில் முட்டியது.

மருமகள் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தார். நர்ஸின் அறை வாசலில் போய் நின்றார்.

"சிஸ்டரம்மா, நீங்க சொன்னதுதான் சரி. அவ முழுங்கறதில்ல." மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்தார். "ஒளிச்சு வெச்சிருக்கா. ஏன்னு எனக்குத் தெரியல. நான் அவளை ஒரு வார்த்தை கேக்கமாட்டேன், சின்னப் பொண்ணு, என்ன கஷ்டமோ. ஆனா இனிமே இங்க வேண்டாம். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. நானே கூடப் போறேன். வயித்து வலி வந்தப்புறம் அந்த ரோட்டுல என்னால போக முடியாது."

நர்ஸ் மருமகளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தார். மேஜையில் கிடந்த மாத்திரையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னார்.

மாஸ்டர் கேட்டு முடித்தபின் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீ சாயம் ஏறி நகக்கண்ணெல்லாம் பழுப்பேறிய கைகள்.

"அவளுக்கும் மாத்திரை குடுத்தாங்கம்மா. நாந்தான் குடுப்பேன். டீயிலதான்."

"மாஸ்டர்."

"வெளுத்துத்தான் இருந்தா. நீ கலரா ஆயிட்டேன்னு கிண்டல் பண்ணுவேன்."

உங்களால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவருக்கு வெறும் சமாதானம் சொல்லி அனுப்ப நர்ஸின் மனம் ஒப்பவில்லை.

"எனக்குத் தெரிஞ்சதை அப்படியே சொல்றேன். ரத்தம் கம்மியா இருந்திருந்தா அது கஷ்டம்தான். ஆனா ரத்தப்போக்கு அதனால மட்டும் வர்றதில்ல. கர்ப்பப்பை சுருங்காம இருக்கும். நஞ்சுக்கொடி உள்ள தங்கும். நல்லா செக்கச்செவேல்னு இருக்கறவங்களுக்கும் வரும், நான் பார்த்திருக்கேன். அன்னிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. யாரும் பார்த்துச் சொல்லல. இன்னொண்ணு கேளுங்க. டீயில போடக் கூடாதுன்னு தெரிஞ்ச நானே என் கையால ஊத்திக் குடுத்தேன். உங்களுக்கு யாருமே சொல்லல. சொல்லாம விட்டது எங்க ஆளுங்க."

அவர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இப்ப ஏறுமா?"

"ஏறும். நாள் இருக்கு."

மறுநாள் விடிகாலை மருமகள் கடைக்குள் வந்தபோது பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. மாமனார் கையில் டீ இல்லை. ஒரு கிளாஸ் தண்ணீர், பாதியாக வெட்டிய எலுமிச்சம்பழம், மாத்திரை. அவள் எல்லாம் புரிந்து அப்படியே நின்றாள்.

"சிஸ்டர் சொல்லிட்டாங்களா மாமா?"

"சொன்னாங்க. நீ ஏன் சொல்லல?"

அவள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள்.

"டீ ஆத்தறவன்கிட்டயே டீயப் பத்தி ஒளிக்கறே. நல்லா இருக்கா?"

"அத்தைய நெனச்சு உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"இருக்கு." எலுமிச்சம்பழத்தைக் கிளாஸில் பிழிந்து, விதையை விரலால் எடுத்துப் போட்டார். "இருக்கட்டும். அது எனக்கு இருக்க வேண்டியதுதான். உங்க அத்தை மட்டும் இப்ப இருந்திருந்தா, ஒரு கிழவன் மூஞ்சி சுருங்கும்னு புள்ளைக்குச் சேர வேண்டியதைத் தள்ளிப்போட்டியாடின்னு உன்னைக் கிழிச்சிருப்பா. அவளோட வாய நீ பார்த்ததில்ல. சிஸ்டரம்மா எல்லாம் அவகிட்டப் பிச்சை வாங்கணும்."

"அவ்வளவு வாயா?"

"பின்ன? நான் ஏன் இவ்வளவு கம்மியா பேசறேன்னு நெனக்கிறே? எல்லாத்தையும் அவளே பேசித் தீர்த்துட்டா."

மருமகள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். அவர் அவளுடைய தொண்டையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அவள்தான் கூப்பிட்டு, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

அதற்கப்புறம் அந்தக் கடையில் நடந்த கூத்தைக் கேளுங்கள். வயிறு தள்ளிய பெண் யார் வந்து டீ கேட்டாலும் மாஸ்டர் உடனே கொடுப்பதில்லை.

"சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பத்தான் மாஸ்டர்."

"மாத்திரை?"

"அதுவும் இப்பத்தான்."

"அப்ப டீ கிடையாது. பால் இருக்கு, எலுமிச்சை ஜூஸ் இருக்கு. பால்கூட மாத்திரைக்குப் பக்கத்துல வேண்டாமாம், ஜூஸ் குடி. டீ அப்புறமா வந்து வாங்கிக்க."

"கடைய சாத்திட்டு நீங்களும் எதிர்ல போய் வெள்ளை கோட்டு போட்டுக்க வேண்டியதுதானே?" என்று ஆட்டோக்காரர் கிண்டல் செய்தார்.

"நீ வண்டி ஓட்டற லட்சணத்துக்கு உனக்கும் சேர்த்துத்தான் அங்க சொல்லி வெச்சிருக்கேன்," என்றார் மாஸ்டர்.

அடுத்த தடவை ரத்தம் எடுத்தபோது அளவு ஒன்பதை நெருங்கியிருந்தது. நர்ஸ் இன்னொரு தடவை சோதித்துப் பார்த்தார். டாக்டர், ஏறத் தொடங்கிவிட்டதால் இங்கேயே பார்க்கலாம், ஆனால் பிரசவம் நெருங்கும்போது மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். ஒன்பதாம் மாதக் கடைசியில் பத்தைத் தாண்டியது. மருமகளின் உதடுகளில் நிறம் வந்திருந்தது. படியேறினால் முன்போல மூச்சு வாங்கவில்லை. நர்ஸ் அவள் கன்னத்தைக் கிள்ளி, "என்கிட்டயே பெத்துக்க," என்றார்.

ஒரு மத்தியானம், கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலி எடுத்தது. மாஸ்டர் அவளைக் கைத்தாங்கலாக ரோட்டைத் தாண்டி அழைத்துப்போய் உள்ளே விட்டுவிட்டு, மகனுக்குப் போன் செய்துவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்தார். கடையைப் பெஞ்சில் இருந்தவர்களே பார்த்துக்கொண்டார்கள். டீ ஆற்றத் தெரியாத ஆட்டோக்காரர் ஆற்றிக் கொடுத்ததை எல்லோரும் ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் உள்ளே குழந்தையின் அழுகை கேட்டது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குழந்தை அழுவதை அவர் முன்பும் ஒரு தடவை இப்படி வெளியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்குத் தெரியுமே.

கதவு திறக்கவில்லை. உள்ளே காலடிகள் வேகமாக நடந்தன. சின்ன நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து எதையோ எடுத்துக்கொண்டு ஓடினாள். "வண்டியை வாசல்லயே நிக்கச் சொல்லுங்க," என்று யாரோ சொன்னது மாஸ்டர் காதில் விழுந்தது. அவர் எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். வயதான பெண் ஒருத்தி வந்து உட்காருங்க அண்ணா என்றாள். அவருக்குக் கேட்கவில்லை.

உள்ளே ரத்தம் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் போனது. நர்ஸ் ஊசி போட்டார். வயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே இருந்தார். மருமகளிடம் பேசிக்கொண்டே இருந்தார், பேச வைத்துக்கொண்டே இருந்தார். கர்ப்பப்பை கைக்குக் கீழே மெல்லப் பந்துபோல் இறுகியது. போக்கு குறைந்தது. பிறகு நின்றது. நாடியைப் பிடித்துப் பார்த்தார், நிதானமாக இருந்தது. இரண்டு மாதம் முன்பு இருந்த ரத்தத்தோடு இவ்வளவு போயிருந்தால் என்ற நினைப்பு நர்ஸுக்கு அப்போதுதான் வந்தது.

கையைக் கழுவிக்கொண்டு அவர் வெளியே வந்தார். மாஸ்டர் அவருடைய முகத்தையே பார்த்தார்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா மாஸ்டர்."

"ரத்தம்?"

"கொஞ்சம் கூடத்தான் போச்சு. நின்னுடுச்சு. தாங்கிட்டா. தாங்கற அளவுக்கு உடம்புல இருந்துச்சு."

"பேசறாளா?"

"பேசறாளாவா? என் காது வலிக்குது."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நர்ஸ் உள்ளே போனார்.

அந்த நேரத்தில் மகன் வந்து சேர்ந்தான். லாரியை எங்கோ நிறுத்திவிட்டு ஓடிவந்திருந்தான். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் நடை நின்றுபோயிற்று.

"அப்பா. அப்பா, என்னப்பா?"

மாஸ்டர் துண்டை எடுத்தார். "நல்லா இருக்காடா. நல்லா இருக்கா. பேசறாளாம்."

மகன் மூச்சை விட்டான். தகப்பனுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். பிறகு அவன் கேட்டான்.

"என்ன கொழந்தைப்பா?"

மாஸ்டர் கதவைப் பார்த்தார்.

"நான் கேக்கலையேடா."

"இவ்வளவு நேரம் இங்கயேதானே இருந்தீங்க?"

"அது நல்லா அழுதுச்சு. அதுக்கப்புறம் அதைப் பத்தி ஞாபகமே வரல."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளிருந்து மருமகளின் குரல் கேட்டது. களைத்திருந்தாலும் கொஞ்சம் அதிகாரமாகவே இருந்தது.

"ரெண்டு பேரும் வெளியிலயே என்ன பேசிட்டு இருக்கீங்க? உள்ள வாங்க. எனக்குப் பசிக்குது."